பற்றவைத்த பூட்டு

வெஸ்ட்பி, விஸ்கான்சின்
மார்ச் 3

அன்புள்ள தம்பி லோவெலுக்கு,

நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீ, ஜோலீன், பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? ஓரிகனில் மழை விட்டதா? கணினியில் எழுதினால் நீ ஒரு வரியில் பதில் போட்டுவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை கறவை ரோபோ இரண்டும் நின்றுவிட்டன. காம்பில் மாட்டும் குப்பிகளுக்கு உள்ளே ரப்பர் இருக்கிறதல்லவா, தேய்ந்துபோயிருந்தது. கூட்டுறவுக் கடையில் வாங்கிப் போட்டேன். உடனே திரையில் ‘அங்கீகரிக்கப்படாத பாகம்’ என்று வந்தது. ரோபோவின் கை அசையவில்லை. மாடுகள் வரிசையில் நின்று கத்தின. மடி நிறைந்து பால் தானாக ஒழுகி, சாணியோடு கலந்து தரையெல்லாம் வெளிறிய குழம்பாக ஓடியது. அந்தப் புளித்த நாற்றம் இன்னும் என் பூட்ஸில் இருக்கிறது.

டீலர் கடை பிரென்ட் வந்து பார்த்தான்.

“கம்பெனி ரப்பரப் போடுங்க மார்லிஸ், தானா ஓடும்.”

“இந்த ரப்பருக்கு என்ன குறை?”

“ரப்பருக்கு ஒண்ணுமில்ல. மெஷினுக்கு அது யாருன்னு தெரியல, அவ்வளவுதான்.”

பக்கத்துப் பண்ணை ரோலி புரோஷாஸ்காவின் மருமகள் டானிகா பள்ளிக்கூடத்தில் கணினி சொல்லிக்கொடுக்கிறாள். அவள் தன் மடிக்கணினியை ரோபோவில் செருகிப் பார்த்துவிட்டு, “இதுல ஒரு மாட்யூல், அதாவது தனி நிரல் துண்டு ஒண்ணு, இருக்கு. பால் கறக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, சும்மா வாசல்ல நிக்கிற காவக்காரன். எடுத்துடலாமா?” என்று கேட்டாள். எடுத்தால் மாட்டுக்கு ஏதாவது ஆகுமா? உன் பிழைப்பே இதுதானே. உன்னைக் கேட்காமல் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அக்கா
மார்லிஸ்


ஹில்ஸ்பரோ, ஓரிகன்
மார்ச் 12

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லோரும் நலம். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா? வழக்கம்போலப் பார்த்திருக்க மாட்டாய்.

உன் ரோபோவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பொதுவாகச் சொல்கிறேன். எந்தக் கணினியிலும் நடுவில் ஒரு நிரல் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும். அதைக் கெர்னல் என்போம். டிராக்டர் என்ஜின் என்று வைத்துக்கொள். அதற்கு வேலைகளை இரண்டு விதமாகச் சேர்க்கலாம். ஒன்று, பின்னால் கொக்கி போட்டுக் கலப்பையை மாட்டுவதுபோல. என்ஜின் ஓடும்போதே மாட்டலாம், வேண்டாம் என்றால் கழற்றலாம். டானிகா சொல்லும் மாட்யூல் அந்த வகை. இன்னொன்று, என்ஜினோடு சேர்த்து வெல்டிங் வைத்துப் பற்றவைப்பது. அதைக் கழற்ற வேண்டுமென்றால் என்ஜினையே புதிதாக வார்க்க வேண்டும்.

கழற்றினால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. மாடு உள்ளே இல்லாதபோது செய்யச் சொல். வேறு ஏதாவது நிரல் அந்த மாட்யூலைப் பிடித்துக்கொண்டிருந்தால் கெர்னல் அதை விடாது. பிடி விட்ட பிறகு மறுபடி சொன்னால் கழலும். அடித்துப் பிடுங்க வேண்டாம், எல்லாம் விழுந்துவிடும்.

டானிகாவிடம் கழற்றச் சொன்னால் போதும். அதைக் கிளறி உள்ளே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வீண் வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லோவெல்


வெஸ்ட்பி
மார்ச் 24

அன்புள்ள லோவெல்,

எல்லோரும் நலம்தானே? நீ சொன்னபடியே செய்தோம். ஒரே ஒரு கட்டளை. கை எழுந்தது, மாடு உள்ளே போனது, கூட்டுறவுக் கடை ரப்பரில் பால் தடையில்லாமல் வந்தது. ரோலி தொப்பியைக் கழற்றி ரோபோவுக்கு வணக்கம் வைத்தார்.

கிளற வேண்டாம் என்று நீ எழுதியதை டானிகாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள். “அப்படிச் சொன்னாதான் கிளறத் தோணும்” என்றாள். ஒரு மாட்யூலிடம் ‘நீ யார்’ என்று கேட்டால் அதுவே சொல்லுமாமே? அதில் இரண்டு வரி வாசித்தாள்.

ஒன்று, உரிமம். தான் எல்லோருக்கும் திறந்த நிரல் என்று அந்த மாட்யூல் சொல்லிக்கொள்கிறது. அப்படிச் சொன்னால்தான் கெர்னல் தன் உள்ளறைகளுக்குள் விடுமாம். “ஆனா இதோட மூல நிரல எவனும் வெளிய விட்டதில்ல. பச்சப் பொய். வேறொருத்தன் அடையாள அட்டையக் காட்டி உள்ள பூந்த மாதிரி” என்றாள்.

இன்னொன்று, எழுதியவர் பெயர். அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். லோவெல் ஹௌகன்.

நாட்டில் எத்தனையோ ஹௌகன்கள் இருக்கிறார்கள், நம் சர்ச் கல்லறையிலேயே பாதிப் பேர் ஹௌகன்தான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வேறு லோவெலா?

மார்லிஸ்


ஹில்ஸ்பரோ
ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே செர்ரி பூத்துவிட்டது. சின்னவன் பேஸ்பால் குழுவில் சேர்ந்திருக்கிறான்; பந்து எந்தப் பக்கம் போகிறது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜோலீன் உன் பிறந்தநாளுக்குப் புகைபோட்ட சால்மன் மீன் அனுப்பியிருக்கிறாள். குளிரில் வை.

வேலை அதிகம். நிதானமாக எழுதுகிறேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

லோவெல்


வெஸ்ட்பி
ஏப்ரல் 21

லோவெல்,

மீன் வந்தது. ஜோலீனுக்கு நன்றி சொல். அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. நல்ல மீனாகத்தான் இருக்கும். பிரித்ததும் அந்த எண்ணெய் மினுமினுப்பைப் பார்த்தேன், உடனே மூடிவிட்டேன். கொட்டகைப் பூனைகளுக்குப் போட்டேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் மீன் அனுப்புகிறவனை என்ன சொல்வது? நீ என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், ‘ஏதோ மின்சுற்றுப் பலகைகளுக்கு நிரல் எழுதுகிறான், நல்ல பையன்’ என்று பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். ‘உன் ரோபோவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று அக்காவுக்கே எழுதியிருக்கிறாய். சீ.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரோபோ வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் டானிகா அந்தக் காவல்காரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். பிரென்ட் வந்து உத்தரவாதம் போய்விடும் என்று முணுமுணுத்தான். ரோலி அவனுக்குக் காபி கொடுத்து, “உத்தரவாதமா? அது எங்க இருந்துச்சு, போறதுக்கு?” என்று கேட்டு அனுப்பினார்.

எழுது. நிதானமாக வேண்டாம்.

மார்லிஸ்


வெஸ்ட்பி
மே 30

லோவெல்,

நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். நலம் விசாரிக்க மனமில்லை.

மே முதல் வாரத்தில் ரோபோக்கள் புது நிரலைத் தாமாகவே இறக்கிக்கொண்டன. திரையில் மறுபடியும் ‘அங்கீகரிக்கப்படாத பாகம்’. டானிகா ஓடிவந்து பார்த்தாள். “மாட்யூல் பட்டியல்லயே இல்ல மார்லிஸ். கெர்னலுக்குள்ளயே வச்சுக் கட்டிட்டாங்க. இனிமே கழட்ட முடியாது” என்றாள். போன மார்ச்சில் நீ எழுதியது நினைவுக்கு வந்தது. பற்றவைத்துவிட்டீர்கள்.

சரி, தொலையட்டும் என்று கம்பெனி ரப்பரையே வாங்கிப் போட்டேன். ஓடியது.

செவ்வாய்க்கிழமை மதியம் இடி மின்னல். நான் வைக்கோலை மூட மேட்டு வயலுக்குப் போயிருந்தேன். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. முன்பெல்லாம் அப்படி ஆனால் கை குப்பிகளைக் கழற்றிவிடும், கதவு திறந்து மாட்டை வெளியே விடும். இந்தத் தடவை என் கறவை மாடு இங்கா உள்ளே நின்றிருந்தாள். கை அவளைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை. பம்பு மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

அவள் கத்துவது மேட்டுக்குக் கேட்டது. ஓடிவந்தேன், இந்த முழங்காலோடு. கண்ணாடிக் குழாயில் முதலில் இளஞ்சிவப்பு, பிறகு சிவப்பு, பிறகு திப்பி திப்பியாக ஏதோ. திரையில் அதே இரண்டு சொல். கம்பெனி ரப்பர், லோவெல். உங்கள் சொந்த ரப்பர். அதையே திருட்டு ரப்பர் என்று சொல்லிக்கொண்டு என் மாட்டைத் தின்றுகொண்டிருந்தது. குழாயைக் கத்தியால் அறுத்தேன். என் முகம், வாய் எல்லாம் தெறித்தது. அந்த ருசியை உனக்கு எழுத முடியாது.

தொட்டியில் இருந்த பால் முழுவதையும் சாணிக்குழியில் திறந்துவிட்டேன். ரோஜா நிற நுரை மேலே மிதந்து இரண்டு நாள் ஈ மொய்த்தது.

மாட்டு டாக்டர் அமண்ட்சன் வந்தார். மடியின் பின்பக்கம் கறுத்துச் சில்லிட்டுப் போயிருந்தது. விரலை வைத்தால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அழுகல் வாடை. “வேண்டாம் மார்லிஸ், இழுத்துக்கிட்டுப் போகாதீங்க” என்றார். அவரே சுட்டார். நான் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

யார் பற்றவைத்தது? பெயர் மட்டும் எழுதினால் போதும்.

மார்லிஸ்


ஹில்ஸ்பரோ
ஜூன் 11

அக்கா,

இங்காவைப் பற்றிப் படித்தேன். ஜோலீனிடம் காட்டவில்லை.

நான்தான்.

ஏப்ரலில் ஒரு கூட்டம். நீங்கள் கழற்றியதை நான் யாரிடமும் சொல்லவில்லை, நம்பு. ரோபோக்களே தினமும் கம்பெனிக்குச் செய்தி அனுப்புகின்றன. எங்கள் மேலாளர் கிரெய்க் கேட்டார்: “விவசாயிங்க கழட்டிப் போட்டுடறாங்களாமே? கழட்ட முடியாத மாதிரி பண்ண முடியுமா?”

“முடியும். ஒரு எழுத்து மாத்தணும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையாகவே ஒரு எழுத்துதான். கெர்னலைக் கட்டும்போது எது எது எப்படிச் சேர வேண்டும் என்று ஒரு கோப்பில் குறித்திருக்கும். m என்று இருந்தால் தனி மாட்யூல். y என்று இருந்தால் உள்ளேயே சேர்ந்துவிடும்.

ஏன் அப்படி ஆயிற்று என்று உன் கடிதம் வந்த பிறகு கண்டுபிடித்தேன். தனி மாட்யூலாக இருந்தபோது அது கடைசியாக வந்து சேரும். அதற்குள் ரப்பரை அடையாளம் பார்க்கும் உணரிகளெல்லாம் விழித்திருக்கும். ‘என்ன ரப்பர்’ என்று கேட்டால் பதில் கிடைக்கும். உள்ளே கட்டியதும் அது எல்லோருக்கும் முன்னால் விழித்துக்கொள்கிறது. காலி அறையில் நின்று கேட்கிறது. பதில் இல்லை என்றால் திருடன் என்று முடிவு கட்டிக் கையைப் பூட்டிவிடுகிறது. பம்பு வேறு சுவிட்சில் இருக்கிறது. அதற்கு இது எதுவும் தெரியாது. நின்றுபோன ரோபோவைக் காலையில் புதிதாக எழுப்பினால் கறவை தொடங்குமுன் இரண்டாவது தடவை கேட்கும், சரியாகிவிடும். பாதிக் கறவையில் மின்சாரம் போனால் மட்டும்தான் இப்படி. எங்கள் சோதனை அறையில் மாடு இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், கவனமாகப் படி. இந்தக் கெர்னலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரே நிபந்தனை, அதை மாற்றி விற்றால் மாற்றியதன் மூல நிரலையும் வாங்கியவர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். காவல்காரன் தனி மாட்யூலாக இருந்தவரை, ‘அது கெர்னல் இல்லை, தனிச் சரக்கு’ என்று கம்பெனி வக்கீல்கள் வாதாடலாம். இப்போது முடியாது. அது கெர்னலுக்குள் இருக்கிறது. ரோபோவை வாங்கியவள் நீ. எழுதிக் கேள். கொடுக்க மறுத்தால் கெர்னலையே விற்க முடியாது. கையில் வந்ததும் டானிகா அதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். டீலர்கள் பழுது பார்க்கிற வழியிலேயே ரோபோ அதை ஏற்றிக்கொள்ளும், பூட்டு ஒன்றும் கிடையாது.

y போட்டால் இப்படி ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் யோசிக்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

லோவெல்


வெஸ்ட்பி
ஜூலை 2

லோவெல்,

நான் நலம். நடக்கிறேன்.

எழுதிக் கேட்டுவிட்டேன். ரோலியும் மற்றவர்களும் எழுதினார்கள். கம்பெனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் தேன் ஒழுகப் பேசினாள். “உங்க இழப்புக்கு ரொம்ப வருத்தப்படறோம். ரப்பர் ஒரு வருஷத்துக்கு இலவசமா அனுப்பறோமே?”

“ரப்பர நீங்களே மென்னு தின்னுங்கம்மா. எனக்கு நிரல் வேணும்.”

பிறகு பிரென்ட் வந்தான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் தெரியாது மார்லிஸ், நான் விக்கிறவன்” என்றான். பரிதாபமாக இருந்தது. அவனைப் பார்த்தாலும் எனக்குக் குமட்டத்தான் செய்தது. இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் அப்படித்தான். அந்தக் கை மாட்டுக்கு அடியில் நீளும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். வானம் கறுத்தால் ரோபோ இரண்டையும் அணைத்துவிட்டுப் பழைய கறவைச் செட்டை இறக்குகிறேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை ரோலி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டானிகா உரக்கப் படித்தாள். முன்பகுதியை நான் கொடுக்கவில்லை; கம்பெனி சொல்லி நீ பற்றவைத்தாய் என்று மட்டும் வாயால் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே உற்சாகம். உன்னை ஏதோ வேவுக்காரன் மாதிரிப் பேசுகிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். m-ஐ y ஆக மாற்றும்போதே இந்தச் சட்டம் உன் மனதில் இருந்ததா? இல்லை இங்கா செத்த பிறகு யோசித்தாயா?

மார்லிஸ்


ஹில்ஸ்பரோ
ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்கா,

நீயும் பண்ணையில் எல்லோரும் நலமா? இங்கே வெயில் கொளுத்துகிறது. காட்டுத்தீப் புகையில் வானம் செம்பட்டையாக இருக்கிறது.

கம்பெனி நிரலைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டது. வக்கீல்களுக்கு வேறு வழியில்லை. குறுந்தகடு வரும். கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், டானிகா மிரள வேண்டாம். எங்கே பார்க்க வேண்டும் என்று தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மற்ற பண்ணைகளுக்கும் மின்சாரம் போனால் கதவு திறக்கும்படி அவசரத் திருத்தம் ஒன்றை அனுப்பச் சொல்லி நச்சரித்தேன். அனுப்பியிருக்கிறார்கள்.

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கிரெய்க் வாசல்வரை கூடவே வந்தார். பெட்டியைத் தூக்கக்கூட உதவினார். “நீ எங்க ஆளா, அவங்க ஆளான்னே எனக்குப் புரியல லோவெல்” என்றார். பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தேன். பிள்ளைகளிடம் விடுமுறை என்று சொல்லியிருக்கிறேன்.

வைக்கோல் இரண்டாம் அறுப்பு எப்படி? இந்த வருஷம் மழை சரியாகப் பெய்ததா? அமண்ட்சன் இன்னும் அந்த ஓட்டை வண்டியைத்தான் ஓட்டுகிறாரா?

ஜோலீன் விசாரித்ததாகச் சொன்னாள்.

உன்
லோவெல்


வெஸ்ட்பி
செப்டம்பர் 20

லோவெலுக்கு,

ஜோலீனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். வேலை போனதை அவர்களிடம் சொல்லிவிடு. பிள்ளைகளுக்கு மூக்கு இருக்கிறது, வீட்டில் எது கெட்டுப்போனாலும் முதலில் அவர்களுக்குத்தான் தெரியும்.

குறுந்தகடு வந்தது. உன் தாளை வைத்துக்கொண்டு டானிகா அந்த y-ஐ அழித்து n என்று போட்டாள். இல்லவே இல்லை என்று அர்த்தமாம். புதிய கெர்னல் கட்டி முடிய ஒரு மதியம் ஆயிற்று. அதற்குள் நான் புதிதாய்ப் பிறந்த இரண்டு கன்றுகளுக்குப் பால் காட்டிவிட்டு வந்தேன். ஏற்றினோம். வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தோம், ஒன்றல்ல, பல தடவை. ஒவ்வொரு தடவையும் குப்பிகள் கழன்றன, கதவு திறந்தது. மாடு நிதானமாக வெளியே நடந்து போனது. இப்போது இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பண்ணையிலும் காவல்காரன் இல்லை.

வெள்ளிக்கிழமை ரோலி எல்லோரையும் மதுக்கடையில் மீன் வறுவலுக்கு அழைத்திருந்தார். நான் வரவில்லை என்றேன், விடவில்லை. கூட்டம் நிறைய. அமண்ட்சன் இருந்தார். வெட்கமில்லாமல் பிரென்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து கோஸ் சாலட் தின்றுகொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு நடுவில் ரோலி பிராந்தி டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“மார்லிஸ் தம்பிக்கு! என்னா மூளை! கழட்ட முடியாம பண்ணுடான்னு அவனுங்க சொன்னானுங்க. சரிங்கன்னு பண்ணிக் குடுத்தே அவனுங்க கழுத்துல சுருக்குப் போட்டுட்டான் பாரு!”

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். டானிகா மட்டும் தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் கேட்டாள், மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“அவர் முன்னாடியே யோசிச்சுத்தானே பண்ணாரு மார்லிஸ்?”

உன் ஆகஸ்ட் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். வைக்கோலைக் கேட்டிருக்கிறாய், மழையைக் கேட்டிருக்கிறாய், டாக்டரின் வண்டியைக் கூடக் கேட்டிருக்கிறாய். என் கேள்வியை மட்டும், வழியில் கிடக்கும் சாணியைச் சுற்றிக்கொண்டு போவதுபோல, பூட்ஸில் படாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாய்.

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“ஆமா” என்றேன். “வேணும்னேதான் பண்ணான்.”

மறுபடியும் மேசையைத் தட்டினார்கள். ரோலி என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். தட்டில் இருந்த மீனைப் பார்த்தேன், தொட முடியவில்லை. வெளியே போய் சரளைக்கல்லில் துப்பினேன். அந்தச் சொல் போகவில்லை. இன்னொரு தடவை துப்பினேன்.

இத்தனை நாள் உன்னை நினைத்துத்தான் குமட்டியது. இப்போது அதில் எனக்கும் பங்கு வந்துவிட்டது.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் இந்தத் தடவை உண்மையை எழுதிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

மார்லிஸ்